பத்துக் கோடியில் ஓர் அணி



சனிக்கிழமைப் பிற்பகலில், கைப்பேசியைக் கையில் ஏந்தி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, இங்கிலாந்து நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர் பதினைவரின் பெயர்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பங்குக் குருவை நீங்கள் கண்டதுண்டா? 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 2025ஆம் ஆண்டு மே வரை எங்கள் அறைவீட்டின் பக்கம் வந்திருந்தால் கண்டிருப்பீர்கள். எங்கள் கோயில்பிள்ளை ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்: “சாமி, இது என்ன புதுவித ஜெபமாலையா?”

நான் வெட்கத்தோடு சிரித்தேன். ஆயினும் அந்த அலுவலில் நான் இறங்கியதற்குக் காரணம் சிரிப்புக்குரியதன்று. அதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு தாய் என்னிடம் வந்தார். கணவரை இழந்தவர். மகன் ஒருவன், மகள் ஒருத்தி. மகனுக்கு இருபத்திரண்டு வயது. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. மகளைச் செவிலியர் கல்லூரியில் சேர்ப்பதற்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்திலிருந்து, 23,000 ரூபாயை அவன் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டான். கிரிக்கெட் ஆட்டங்களுக்குக் கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டி ஆடும் ஒரு போட்டியில், சிறுகச் சிறுக அத்தனையையும் தோற்றுவிட்டான். தாய் தம் காதிலிருந்த தோட்டை அடகு வைத்து மகளைக் கல்லூரியில் சேர்த்தார். மகன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுதான். இனி அதைத் தொடுவதில்லை என்று தங்கையின் தலைமேல் கைவைத்துச் சொன்னான்.

“இப்ப மறுபடியும் போனும் கையுமா ஒரு அணி அமைக்கப் போறேங்கிறான், சாமி. இது வேற ஆட்டம், இதுல காசு இல்லேங்கிறான். நான் படிக்காதவ. எதை நம்புறது, எதை நம்பாம இருக்கிறது? நீங்கதான் கேட்டுச் சொல்லணும்” என்றார் அந்தத் தாய். அவருடைய கை தம்மை அறியாமலே வெறுமையான காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மகனை அழைத்துக் கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான், பிறகு நிமிர்ந்து, “சாமி, நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. நம்பவும் வேண்டாம். நீங்களே ஒரு அணி வெச்சு ஒரு வருஷம் ஆடிப் பாருங்க” என்றான்.

அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது தவறு. குருமடத்தில் மாலைதோறும் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தை உதைத்த கால்கள் இவை; பந்தாட்டம் எனக்குப் புதிதன்று. ஆகவே சரி என்றேன். அவனும், பங்கு இளைஞர் நால்வரும், நானுமாக அறுவர் சேர்ந்து எங்களுக்குள் ஒரு தனிக் குழுவை அமைத்துக்கொண்டோம். அவனே எனக்கு ஆசிரியனானான்.

முதலில் இந்த விளையாட்டின் பிறப்பைச் சொல்லுகிறேன். 1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான வில்பிரட் விங்கன்பாக் என்பவர், நியூயார்க் நகரத்து விடுதி ஒன்றில் நண்பர் சிலரோடு அமர்ந்து இதன் விதிகளை வகுத்தார். மறு ஆண்டு ஓக்லண்டில் முதற் குழு ஆடத் தொடங்கியது. அது நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க முறை ஆட்டம். உண்மையான ஆட்டக்காரர்களைத் தம் அணிக்குரியவர்களாக ஒவ்வொருவரும் பெயரளவில் தெரிந்துகொள்வர்; மைதானத்தில் அவர்கள் உண்மையாகச் செய்வதே காகிதத்தில் புள்ளியாக மாறும். நாம் அறிந்த கால்பந்துக்கு இம்முறையை இத்தாலியில் ரிக்கார்டோ அல்பினி கொண்டுவந்து, 1990இல் நூலாகவே வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வெயின்ஸ்டீன் 1991இல் தொடங்கினார். பின்னர் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் தானே 2002-03ஆம் பருவத்தில் தன் பெயரால் ஒன்றை ஏற்படுத்தியது. அதில்தான் நாங்கள் ஆடினோம். இப்போது உலகெங்கிலுமாக ஒரு கோடிக்கு மேற்பட்ட அணிகள் அதில் பதிவாகின்றன. சேருவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

விதிகள் எளியவை, ஆனால் அவை மனிதனை நன்றாகச் சோதிக்கின்றன. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 10 கோடி பவுன் கற்பனைப் பணம் தரப்படும். அதைக் கொண்டு பதினைந்து ஆட்டக்காரரை வாங்க வேண்டும்: கோல்காப்பாளர் 2, தற்காப்பாட்டக்காரர் 5, நடுக்கள ஆட்டக்காரர் 5, முன்னணி ஆட்டக்காரர் 3. ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் எடுக்கக் கூடாது. பதினைவருள் பதினொருவர் ஆடுவர். நால்வர் ஒதுக்கிருக்கையில் இருப்பர். ஆடவேண்டிய ஒருவர் மைதானத்தில் இறங்காவிட்டால், ஒதுக்கிருக்கையில் நாம் குறித்த வரிசைப்படி இன்னொருவர் தாமாகவே அவரிடத்திற்கு வருவார்.

புள்ளிக் கணக்கு இது. அறுபது நிமிடமோ அதற்கு மேலோ ஆடினால் 2 புள்ளி. அதற்குக் குறைந்தால் 1. முன்னணி ஆட்டக்காரர் கோல் போட்டால் 4, நடுக்களத்தவர் போட்டால் 5, தற்காப்பாளர் போட்டால் 6. பிறர் கோல் போடப் பந்தைக் கொடுத்து உதவினால் 3. தம் அணி ஒரு கோலும் வாங்காவிட்டால் கோல்காப்பாளருக்கும் தற்காப்பாளருக்கும் 4. மஞ்சள் அட்டைக்கு ஒன்று குறையும். சிவப்பு அட்டைக்கு மூன்று குறையும். பதினொருவருள் ஒருவரை நாம் தலைவராகக் குறிக்கலாம். அவர் பெறும் புள்ளி இரட்டிக்கும். கோல் போடுபவனுக்கு மட்டுமன்றி, பந்தைக் கொடுத்து உதவியவனுக்கும், கோல் விழாமல் காத்தவனுக்கும் இங்கே கணக்கு உண்டு என்பது எனக்குப் பிடித்திருந்தது. 2025-26ஆம் பருவத்திலிருந்து, பந்தைப் பறித்தும் தடுத்தும் பாடுபடுகிறவர்களுக்கும் தனியே 2 புள்ளி தருகிறார்கள். எந்த வீட்டிலும் அடுப்படியில் நிற்பவரின் உழைப்பு கடைசியாகத்தானே கணக்கில் ஏறுகிறது!

இனி, என் தவறுகளுக்கு வருகிறேன். அவை மூன்று.

முதல் தவறு, பெயரைக் கண்டு மயங்கியது. செய்தித்தாளில் அடிக்கடி அடிபடும் பெயர்களையெல்லாம் அள்ளிக்கொண்டேன். 2024-25 பருவத் தொடக்கத்தில் மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்டுக்கு விலை 1.5 கோடி பவுன். லிவர்பூலின் முகமது சாலாவுக்கு 1.25 கோடி. இவர்களைப் போன்ற நால்வரை வாங்கியதும் பணப்பை வற்றிவிட்டது. மீதியிருந்த இடங்களை மலிவான பெயர்களால் நிரப்பினேன். அவர்களிற் பலர் ஆடவே இறங்காதவர்கள். “சாமி, பெயரைப் பாக்காதீங்க, வாரந்தோறும் தொண்ணூறு நிமிஷமும் ஆடுறவனான்னு பாருங்க” என்றான் என் ஆசிரியன். அதற்கு முந்திய பருவத்தையே சான்றாகக் காட்டினான். கோல் பால்மர் என்ற இளைஞர் அப்போது வெறும் 50 இலட்சம் பவுன் விலையுள்ளவர். மான்செஸ்டர் சிட்டியில் இடம் கிடைக்காமல், 2023 செப்டம்பரில் செல்சி கழகத்திற்குச் சென்றார். அங்கே 22 கோல் போட்டு, 244 புள்ளி ஈட்டினார். விலை என்பது பிறர் நேற்றுச் சொன்ன மதிப்பு. உழைப்பு என்பது இன்று காணும் மதிப்பு. பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் புறப்படும் பெற்றோர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாம் தவறு, பொறுமையின்மை. வாரம் ஒருவரை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் விட்டால் அந்த உரிமை சேர்ந்துகொண்டே போகும். 2024-25 முதல் ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் மாற்றும் ஒவ்வொருவருக்கும் 4 புள்ளி கழியும். சென்ற வாரம் இரண்டு கோல் போட்டவரை வாங்க ஓடுவேன். அவர் இந்த வாரம் சும்மா இருப்பார். விற்றுவிட்டவரோ இந்த வாரம் கோல் போடுவார். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று குடை பிடித்த கதைதான். செப்டம்பர் மாதத்தில் மட்டும் இவ்வகையில் 16 புள்ளி இழந்தேன்.

இதனோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். பருவத்தில் சிறப்பு வாய்ப்புகள் சில உண்டு. சீட்டாட்டத்தில் துருப்பைப் போன்றவை. அவற்றுள் ஒன்று, ஒரு வாரம் தலைவரின் புள்ளியை மும்மடங்காக்குவது. ஆத்திரத்தில் அதைச் செப்டம்பரிலேயே பயன்படுத்தி வீணாக்கினேன். என் ஆசிரியனோ அதைத் தொடாமல் காத்திருந்தான். ஒத்திவைக்கப்பட்ட ஆட்டங்களால் சில வாரங்களில் ஒரு கழகம் இரண்டு முறை ஆடநேரும். அவ்வாரத்திற்காகக் காத்திருப்பதே அறிவு என்றான். பிப்ரவரியில் லிவர்பூலுக்கு அத்தகைய வாரம் வந்தது. 1ஆம் தேதி போர்ன்மத் அணிக்கு எதிராகச் சாலா இரண்டு கோல். 12ஆம் தேதி எவர்ட்டன் அணிக்கு எதிராக ஒரு கோல், ஓர் உதவி. மூன்று மடங்கு! அந்தப் பருவம் முழுவதிலும் 38 ஆட்டங்களில் சாலா சேர்த்தது 344 புள்ளி. அதற்கு முன் எவரும் ஒரு பருவத்தில் அத்தனை பெற்றதில்லை. சிறுகச் சிறுக 23,000 ரூபாயைக் கரைத்த அதே பையன், ஐந்து மாதம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான் என்பதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் தவறு, கவனக்குறைவு. ஒவ்வொரு வாரமும் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடத்திற்கு முன் கதவு அடைபடும். அதன்பின் எதையும் மாற்ற இயலாது. இங்கிலாந்தில் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவதால், நமக்கு அந்த நேரம் அக்டோபர் கடைசியில் மாறிவிடும். 2024 டிசம்பர் 7ஆம் தேதி எவர்ட்டனுக்கும் லிவர்பூலுக்கும் நடக்கவிருந்த ஆட்டம், டாரா என்னும் புயற்காற்றினால் அன்று காலையே ஒத்திவைக்கப்பட்டது. இளைஞர்கள் ஐவரும் உடனே தலைவரை மாற்றிக்கொண்டார்கள். நானோ திருவருகைக் காலத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தேன். சாலா ஆடவில்லை. அத்தகைய வேளையில் துணைத் தலைவரின் புள்ளி இரட்டிக்கும். நான் கவனமின்றிக் குறித்திருந்த துணைத் தலைவருக்குக் கிடைத்தது ஒரே புள்ளி, அது இரண்டாயிற்று. “சாமி, அடுத்தவங்க பாவத்தைக் கேட்டுக்கிட்டிருந்ததுக்கு உங்களுக்குக் கிடைச்ச பரிகாரம்” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இவை மூன்றும் புள்ளிகளை இழந்த தவறுகள். நான்காவது ஒன்று உண்டு. அதில் எனக்கு ஒரு புள்ளியும் நட்டமில்லை. ஆனால் அதைத்தான் நான் மறக்க முடியவில்லை.

என் முதல் பதினைவருள் ஒருவர் லிவர்பூல் கழகத்தின் டியோகோ ஜோட்டா. போர்த்துக்கல் நாட்டவர். 2024 ஆகஸ்டு 17ஆம் தேதி இப்ஸ்விச் நகரில் லிவர்பூல் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. அறுபதாவது நிமிடத்தில், அந்தப் பருவத்தில் லிவர்பூலுக்கு முதல் கோலைப் போட்டவர் அவரே. பந்தை எடுத்துக் கொடுத்தவர் சாலா. இருவரும் என் அணியில் இருந்தனர். சிறுபிள்ளை போல் கைதட்டினேன்.

பின்னர் அக்டோபர் 20ஆம் தேதி செல்சியுடன் நடந்த ஆட்டத்தில் அவர் காயமுற்று, அரைமணி நேரத்தில் வெளியேறினார். எனக்குக் கிடைத்தது 1 புள்ளி. அப்போது என் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதுகிறேன்: “இவனை நம்பிக் கெட்டேன், இவனைத் தொலைத்துத் தலைமுழுகினால்தான் உருப்படுவேன்.” அவருக்கு எங்கே அடிபட்டது, எவ்வளவு வலித்தது, எழுந்து நடந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் பெயரை விற்று, வேறொரு பெயரை வாங்கினேன். டிசம்பர் 14ஆம் தேதி அவர் திரும்பி வந்து, புல்ஹாம் அணிக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் போட்டு, தம் அணியைத் தோல்வியிலிருந்து மீட்டார். அப்போதும் என் நினைவில் எழுந்தது ஒன்றே: “விற்றுவிட்டேனே!”

பருவம் முடிந்தது. லிவர்பூல் வாகை சூடியது. எங்கள் அறுவருள் என் ஆசிரியன் முதலிடம், நான் ஐந்தாமிடம். 2025 ஜூலை 3ஆம் தேதி, அந்தப் பையன் அறைவீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. “சாமி, நம்ம ஜோட்டா செத்துப்போயிட்டாரு” என்றான்.

ஸ்பெயின் நாட்டு நெடுஞ்சாலையில் கார் விபத்து. உடன்சென்ற தம்பி ஆண்ட்ரே சில்வாவும் மாண்டுபோனார், அவரும் பந்தாட்டக்காரரே. அண்ணனுக்கு வயது 28, தம்பிக்கு 25. ஒரு தாயும் தந்தையும் இரண்டு மகன்களையும் ஒரே இரவில் இழந்தார்கள். ஜூன் 22ஆம் தேதிதான் ஜோட்டாவுக்குத் திருமணம் நடந்திருந்தது; அவருக்கு மூன்று சிறு குழந்தைகள். ஜூலை 5ஆம் தேதி, கொந்தோமார் என்ற ஊரின் பங்குக் கோயிலிலிருந்து இருவரையும் அடக்கத்திற்கு எடுத்துச் சென்றார்கள். அவர் அணிந்திருந்த 20ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று லிவர்பூல் கழகம் முடிவு செய்தது.

நான் அன்றிரவு வெகுநேரம் உறங்கவில்லை. தொலைத்துத் தலைமுழுக வேண்டும் என்று நான் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. அது வெறும் விளையாட்டுப் பேச்சு. அந்த மனிதருக்கு அதனால் ஒரு தீங்கும் நேரவில்லை என்பதை அறிவேன். ஆனால் எனக்குத் தீங்கு நேர்ந்திருந்தது. காயப்பட்ட ஒரு மனிதனைக் கண்டு, முதலில் என் கணக்கைப் பார்த்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக நோயாளிகளைச் சந்தித்து வருகிற நான்! பெயருக்கு எதிரே விலையும் புள்ளியும் எழுதப்பட்ட பட்டியலை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தால், பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது மெல்ல மறந்துபோகிறது. மறுநாள் காலைப் பூசையில் இரு சகோதரரையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தேன். இளைஞர் ஐவரும் வந்திருந்தனர். யாரையும் நான் அழைக்கவில்லை.

ஆகவே அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு, ஒரு பருவம் ஆடி முடித்தபின் நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

இந்த விளையாட்டு சூதன்று. பணம் கட்ட வேண்டியதில்லை. பணத்தைக் கொண்டு கூடுதலாக ஒரு புள்ளியும் வாங்க முடியாது. 10 கோடிதான் எல்லார்க்கும். செல்வன் வறியன் என்ற வேறுபாடில்லை. ஓராட்டத்தில் முடிவதுமன்று, 38 வாரம் பொறுத்திருந்து ஆடவேண்டும். பணம் கட்டும் போட்டியோ வேறு. அங்கே அணி அமைக்கும் முறை இதைப் போலவே தோன்றும், ஆனால் எல்லோரும் கட்டும் பணத்தில் தன் பங்கை நடத்துபவர் முதலிலேயே எடுத்துக்கொள்வார், எஞ்சியதே பரிசு. சிலர் வெல்வதற்குப் பலர் தோற்றாக வேண்டும். ஆட்டம் அன்றிரவே முடிந்துவிடும். தோற்றதை மீட்கலாம் என்று மறுநாளே இன்னொன்று அழைக்கும். அந்த அழைப்பில்தான் வீடுகள் விழுகின்றன. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்தது. சட்டம் நல்லதே. ஆனால் சட்டம் வாசற்கதவைத்தான் அடைக்கும். பின்கதவை வீட்டிலுள்ளவர்களே அடைக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய அணி அமைப்பதைக் கண்டால், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள்; அருகில் அமருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். “இதில் யாராவது பணம் கட்டுகிறார்களா?” என்பது முதற் கேள்வி. விளையாட்டு இலவசமாயிருந்தும், நண்பர்கள் தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொள்வது உண்டு. ஆதலால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். “வாரத்தில் எவ்வளவு நேரம் இதற்குச் செலவாகிறது?” என்பது இரண்டாவது. அணியைச் சரிபார்க்க வாரத்திற்கு அரைமணி போதும்; நள்ளிரவு கடந்தும் விழித்திருந்தால், அது விளையாட்டின் எல்லையைக் கடந்துவிட்டது. “உன் அணியில் யார் யார் இருக்கிறார்கள்?” என்பது மூன்றாவது. இக்கேள்வியே சிறந்தது. அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். நீங்கள் கேட்கத் தொடங்குவீர்கள். வாயடைத்த பிள்ளைகள் என்று நாம் குறை கூறும் பலர், யாரும் கேட்காததால் வாயடைத்தவர்களே.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். 10 கோடியைப் பதினைந்து பேருக்குப் பங்கிடக் கற்ற கைக்கு, மாதச் சம்பளத்தைப் பங்கிடவும் தெரியவேண்டும். ஒதுக்கிருக்கையில் நால்வரை ஏன் வைத்திருக்கிறீர்கள்? ஆடுகிறவன் விழுந்தால் வீடு விழாமலிருக்க. உங்கள் வருமானத்தில் ஒதுக்கிருக்கை உண்டா?

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். விளையாட்டு அவனைத் திருத்தியது என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். தங்கையின் முகத்தை நேரே பார்த்து உண்மையைச் சொன்னானே, அன்றே அவன் திருந்தினான். ஆயினும் பழைய ஆசை தலைதூக்கும் சனிக்கிழமை இரவுகளில், காசு கேட்காத ஓர் அணியும், கணக்குக் கேட்கும் ஐந்து பேரும் அவனுக்குத் துணையிருந்தது உண்மை. 2024 ஜூலை தொடங்கி மாதம் 2,000 ரூபாய் வீதம் அடகுக் கடையில் கட்டிவந்தான். பதின்மூன்றாம் மாதம் தோடு மீண்டது. ஜோட்டா மறைந்த அதே ஜூலை மாதக் கடைசி ஞாயிறு அது. கோயில் வாசலில் அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஒருபக்கமாகச் சற்றுத் திருப்பிக் காட்டினார். நான் புரிந்துகொண்டேன்.

2025 ஆகஸ்டில் நாங்கள் அறுவரும் மறுபடியும் அணி அமைத்தோம். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. நாங்களே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம். தன் அணியைச் சேர்ந்தவரோ எதிரணியைச் சேர்ந்தவரோ, யாரேனும் காயமுற்றால், புள்ளியைப் பற்றிப் பேசுமுன் “பாவம், எப்படியிருக்கிறார்?” என்று கேட்க வேண்டும். கேட்க மறந்தவர் மறுநாள் கோயில் முற்றத்தைக் கூட்ட வேண்டும்.

இதுவரை மூன்று முறை முற்றம் கூட்டப்பட்டிருக்கிறது. அதில் இரண்டு முறை துடைப்பம் பிடித்தவர் யார் என்று எங்கள் கோயில்பிள்ளையைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்லுவார்.